பூனையைக் கண்டாலே ஆகாதவர்களோடு பூனை வளர்ப்பது எப்படி

சொக்கன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் மாமியார் கட்டிலை விட்டுக் காலை இறக்கவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூடக் கட்டிலுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். சொக்கன் அப்போது இரண்டு மாதக் குட்டி, சொம்புக்குள் உட்கார வைத்துவிடலாம், அந்த அளவுதான். "இத்தனூண்டு இருக்கு, என்னத்தை பண்ணிடப் போகுது அத்தை" என்றேன். "இத்தனூண்டா இருக்கறப்பவே அது பார்க்கற பார்வையைப் பாரு" என்றார்.

ஏழு வருஷம் ஆகிறது. அத்தையும் இதே வீட்டில்தான் இருக்கிறார், சொக்கனும் இதே வீட்டில்தான். உங்கள் வீட்டிலோ கீழ்வீட்டிலோ பூனை என்றாலே முகம் சுளிக்கிற ஆள் ஒருவர் இருந்தால், நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டதில் கொஞ்சம் உங்களுக்கு உதவலாம்.

முதலில், செய்யக்கூடாத ஒன்று. அவர்களை மாற்றப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். வாட்ஸ்அப்பில் பூனை வீடியோவாக அனுப்பினேன், ஒருநாள் அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது குட்டியைத் தூக்கி மடியிலேயே வைத்துவிட்டேன். அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவர் பக்கம்தான் நியாயம் என்று இப்போது தோன்றுகிறது.

எது பிடிக்கவில்லை என்று கண்டுபிடியுங்கள்

"பூனை பிடிக்காது" என்ற இரண்டு சொல்லுக்குள் ஏழெட்டு சங்கதி இருக்கிறது. ஒருவருக்கு வாடை, ஒருவருக்குப் பயம், ஒருவருக்குச் சகுனம், இன்னொருவருக்கு உண்மையிலேயே மூச்சு இழுக்கும். எது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றும் கேட்காது.

"ஏன் பிடிக்காது?" என்று நேராகக் கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும். "சின்ன வயசில் உங்க வீட்டில் பூனை இருந்ததா?" என்று வேறு ஏதாவது வேலைக்கு நடுவில் கேளுங்கள். அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் சொன்னார். அவருக்கு ஒன்பது வயது. பொரித்துப் பத்து நாள்கூட ஆகாத பதினொரு கோழிக்குஞ்சு, ராத்திரி பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்ப்பது அவர் வேலை. ஒருநாள் சரியாகக் கவிழ்க்கவில்லை. காலையில் பார்த்தால் இரண்டுதான் மிச்சம், மதில் மேல் ஒரு கடுவன் பூனை உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்ததாம். அன்று விளக்குமாற்றால் வாங்கிய அடியை அறுபது வருஷம் கழித்து எனக்குத் தோளைத் தொட்டுக் காட்டினார். இதற்கு நான் வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

நம் ஊர்ப் பேச்சிலேயே பூனைக்கு நல்ல பெயர் கிடையாது என்பதும் உண்மை. இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிறோம், உருத்திராட்சப் பூனை என்கிறோம். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலில் நின்று தவம் செய்கிற பூனையைப் பார்த்திருப்பீர்கள், காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்திலேயே அதன் குட்டு வெளிப்பட்டுவிட்டது. அத்தை மட்டும் என்ன செய்வார்.

பயப்படுகிறவர்கள்

பூனை பிடிக்காதவர் வந்தால் அது நேராக அவர் மடிக்கே போகிறதே, வேண்டுமென்றே செய்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. பிடித்தவர்கள் என்ன செய்கிறோம்? உற்றுப் பார்க்கிறோம், கூப்பிடுகிறோம், கையை நீட்டுகிறோம். பூனைக்கு உற்றுப் பார்ப்பது மிரட்டல். பிடிக்காதவரோ ஆடாமல் அசையாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பூனையின் கணக்கில் அந்த அறையிலேயே மரியாதை தெரிந்த ஆள் அவர்தான். 2020இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதர்கள் கண்ணைச் சுருக்கி மெதுவாக மூடித் திறந்தால் பூனைகள் பதிலுக்கு அப்படியே செய்வதையும், கூடுதலாக நெருங்கி வருவதையும் பதிவு செய்தார்கள். பயத்தில் கண்ணை இறுக்கிக்கொள்கிறவரைப் பார்த்தும் அது அப்படித்தான் நினைத்துக்கொள்கிறதோ என்னவோ.

ஆகவே விருந்தாளி வருவதற்கு அரைமணி நேரம் முன்பே பூனையை வேறு அறையில் விட்டு, தண்ணீரும், அது வெளிக்குப் போகும் மண் தட்டும் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். அவர் வந்தபின் தூக்கிக்கொண்டு ஓடுவது வேண்டாம், அது இன்னும் கலவரம். "ஒண்ணும் செய்யாது" என்ற வசனத்தையும் விட்டுவிடுங்கள். சிலருக்கு இது வெறும் பயமில்லை. பூனையைப் பார்த்தாலே நெஞ்சு படபடத்து வியர்த்துக் கொட்டும், ஐலூரோபோபியா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. மனநல மருத்துவர்கள் முதலில் படம், அப்புறம் சத்தம், அப்புறம் கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் நிஜப்பூனை என்று படிப்படியாகப் பழக்குவார்கள். அது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை.

மூச்சு இழுப்பவர்கள்

இங்கே விளையாட்டு கூடாது. "பூனை முடி வயிற்றுக்குள் போனால் இளைப்பு வரும்" என்று பெரியவர்கள் சொல்வதில் பாதி சரி. முடி ஒன்றும் செய்வதில்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிலும் வரும் ஃபெல் டி 1 என்ற புரதம்தான் முக்கியக் குற்றவாளி. பூனை நக்க நக்க அது முடியில் படிந்து, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாக மிதக்கும். வயிற்றுக்குள் அல்ல, மூக்கு வழியாக நுரையீரலுக்குப் போகிறது. முடி கொட்டாத ஜாதி, அலர்ஜி வராத ஜாதி என்று சொல்லி விற்பவரை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம், முடியே இல்லாத பூனைக்கும் இந்தப் புரதம் உண்டு.

லேசான தும்மல் என்றால் சமாளிக்கலாம். அவர் படுக்கும் அறைக்குள் பூனை ஒருநாளும் நுழையக்கூடாது, "ஒரே ஒரு நாள்" என்பதும் கிடையாது. தரையைப் பெருக்கினால் தூசி எழும்பும், ஈரத்துணியால் துடையுங்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு கூடிக்கொண்டே போகிறது என்றால் பூனைக்கு வேறு நல்ல வீடு பார்ப்பதுதான் சரி, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பூனை போன மறுநாளே சரியாகிவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள், அந்தப் புரதம் சோபாவிலும் திரைச்சீலையிலும் மாதக்கணக்கில் தங்கியிருக்கும்.

சகுனம் பார்ப்பவர்கள்

வாதாடாதீர்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன் ஏதாவது முக்கிய வேலையாகக் கிளம்பினால் சொக்கன் பத்து நிமிஷம் குளியலறையில். அவர் தெருமுனை திரும்பியதும் விடுதலை. அவ்வளவுதான் விஷயம்.

ராத்திரியில் பூனை குழந்தை மாதிரி அழுவதுதான் பெரிய அபசகுனம் என்பார்கள். அது துணை தேடும் சத்தம், இல்லாவிட்டால் கடுவன்கள் சண்டை. அதற்குப் பரிகாரம் ஆபரேஷன். கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஐந்தாறு மாதத்திலேயே குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போட்டால் இன்னொரு தொல்லை வரும். வளர்ந்த கடுவன் சுவருக்கு முதுகைக் காட்டி, வாலை நிமிர்த்தி நடுங்கவைத்து, பீய்ச்சி அடிக்கும். அந்த வாடையை ஒருமுறை முகர்ந்தவர் ஆயுசுக்கும் பூனையை மன்னிக்கமாட்டார். சீக்கிரமே ஆபரேஷன் செய்த ஆண்பூனைகள் பெரும்பாலும் அந்தப் பழக்கத்துக்கே போவதில்லை.

வாடை

பூனை வெறுப்பில் பாதி, பூனையின் மீது இல்லை, வளர்ப்பவரின் சோம்பேறித்தனத்தின் மீது. ஒரு பூனைக்கு இரண்டு மண் தட்டு வையுங்கள். மண் இரண்டு அங்குலமாவது ஆழம் வேண்டும், காலையும் மாலையும் அள்ளிவிட வேண்டும். வாரம் ஒருமுறை மொத்த மண்ணையும் கொட்டி, தட்டை சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். தட்டு சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பூனை அதில் போகாது, உங்கள் மிதியடியைத் தேடும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள், பூனை நடமாடும் தரையில் பினாயில் வேண்டாம். பினால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது, காலில் ஒட்டியதை நக்கியே விஷமாகிவிடும். பூனை வராமலிருக்க மூலையில் பாச்சை உருண்டை போடுவதும் அப்படித்தான். அமோனியா வாடை அடிக்கும் கிளீனரும் உதவாது, பூனைக்கு அது மூத்திர வாடை, "ஓ, இங்கேதான் போகணும்போல" என்று மறுபடியும் வரும். சோப்புத் தண்ணீர், அதற்குமேல் வினிகர் கலந்த தண்ணீர், அதற்கும் போகாவிட்டால் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் என்சைம் கிளீனர்.

பாலையும் நிறுத்துங்கள். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும், அதைத் துடைப்பது யார்? சைவ வீட்டுக்காரர்களுக்கு ஒரு சங்கடமான செய்தி: தயிர்சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்து மாமிசத்திலும் மீனிலும்தான் கிடைக்கும், அது இல்லாவிட்டால் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். வீட்டில் மீன் வேகவைக்க முடியாதென்றால் டாரின் சேர்த்த உலர் தீவனப் பாக்கெட் இருக்கிறது, வாடையும் குறைவு.

கீழ்வீட்டு மாமா

எங்கள் கீழ்வீட்டு மாமா பூனையை வெறுக்க ஒரே காரணம் அவர் ஸ்கூட்டர் சீட். புது சீட், ஒரே ராத்திரியில் நடுவில் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. முதலில் "தெருப்பூனையா இருக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். சீட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் முடியை இரண்டு விரலால் எடுத்து, ஒன்றும் பேசாமல் என் முகத்துக்கு நேரே காட்டினார். எங்கள் தெருவில் வேறு மஞ்சள் பூனை கிடையாது.

சீட்டை நானே மாற்றிக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். நகத்தின் பழைய மேலுறையைக் கழற்றவும், பாதத்தின் வாசனையைப் பதித்து "இது என் இடம்" என்று சொல்லவும் பூனை பிறாண்டியே ஆக வேண்டும், திட்டினால் நிற்காது. மாற்று இடம்தான் கொடுக்க முடியும். மூன்றடி உயரக் கட்டை ஒன்றில் தேங்காய்நார்க் கயிற்றை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்றி, ஆடாத மாதிரி பலகையில் அடித்து, சொக்கன் தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தோம். உயரம் முக்கியம், நிமிர்ந்து உடம்பை நீட்டிப் பிறாண்டத்தான் அதற்குப் பிடிக்கும். கட்டை ஆடினால் திரும்பிக்கூடப் பார்க்காது. நக நுனியையும் மாதம் இரண்டு முறை வெட்டுகிறேன், வெள்ளையாகத் தெரியும் நுனி மட்டும், ரோஸாகத் தெரிவது சதை. ராத்திரி சொக்கன் வீட்டுக்குள், ஸ்கூட்டர் மேல் ஒரு பழைய சாக்கு. மாமா இன்னும் சொக்கனைப் பார்த்துச் சிரிப்பதில்லை. புகாரும் சொல்வதில்லை.

மொட்டைமாடியில் வடகம் காயப்போடுகிறவர்கள் இருந்தால் அந்த நாட்களில் பூனையை மேலே விடாதீர்கள். தின்னாது. வெயிலில் சூடேறிய துணிமேல் சுகமாகப் படுத்துக்கொள்ளும், அது இன்னும் மோசம்.

நோய் வரும் என்பவர்களுக்கு

இதில் அலட்சியமும் வேண்டாம், பீதியும் வேண்டாம். பூனைக்கு மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, அப்புறம் மருத்துவர் சொல்கிறபடி வருஷாவருஷம். அட்டையை எடுத்து வையுங்கள், கேட்பவரிடம் காட்டலாம். கடித்தாலோ பிறாண்டி ரத்தம் வந்தாலோ ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வீட்டுப்பூனைதானே என்று இருந்துவிடக் கூடாது. மனிதர்களுக்குப் போடும் ரேபிஸ் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்து என்பார்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி பூனை மலத்தில் வரலாம் என்பது உண்மை. ஆனால் பூனைக்கு அது முதன்முதலாகத் தொற்றியபின் ஓரிரு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம்தான் வெளிவரும், வெளிவந்ததும் உடனே தொற்றாது, ஒருநாளாவது ஆகும். தினமும் அள்ளுவது அதனால்தான், அந்த வேலையைக் கர்ப்பிணி தொடாமல் வேறொருவர் செய்யட்டும். சரியாக வேகாத கறியும் கழுவாத காய்கறியும்கூட இதே கிருமிக்கு வழிதான்.

யார் என்ன சொன்னாலும் சாக்கில் கட்டி மீன் மார்க்கெட்டில் விட்டுவருவது மட்டும் தீர்வு இல்லை. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அப்படியே விட்டாலும் பல பூனைகள் உங்களுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடும்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். கோழிக்குஞ்சுக் கதை கேட்டபின் தெரிந்தது, அவருக்குப் பூனை இருப்பது பிரச்சினை இல்லை, சத்தமில்லாமல் வருவதுதான். நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் அது கட்டிலுக்கடியில் வந்து நிற்பதே தெரியாது. சரி என்று பூனைக்கு மணி கட்டினேன். எங்காவது மாட்டிக்கொண்டால் தானே கழன்றுவிடும் கழுத்துப்பட்டை பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஜன்னல் கம்பியில் தொங்கிவிடும். ஒரே வாரத்தில் அத்தை காலைக் கீழே இறக்கினார். எங்கே இருக்கிறது என்று காதுக்குத் தெரிகிறதல்லவா. இன்றைக்கும் தொடமாட்டார், "அந்த மூதேவி" என்றுதான் சொல்வார்.

போன மாதம் பட்டை எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் அத்தை கட்டில்மேல் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருக்கிறார். "மணி எங்கடி போச்சு? கடை சாத்தறதுக்குள்ள ஒண்ணு வாங்கிட்டு வா" என்று கைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.