யாழினிப் பாட்டியும் அப்துல் பாயும்: கதைமாந்தர் பெயர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுகதைப் போட்டி ஒன்றுக்கு வந்து குவியும் கதைகளை முதல் சுற்றில் வாசித்துத் தரும் வேலை சில ஆண்டுகள் எனக்கு வாய்த்திருந்தது. பாதிக் கதைகளைத் தாண்டுவதற்குள் நான்கு கார்த்திக்குகளும் மூன்று ப்ரியாக்களும் வந்து போயிருப்பார்கள். ஒருமுறை வாசித்த கதையில், 1948ஆம் ஆண்டு காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் எழுபது வயதில் இறந்துபோகும் பாட்டிக்கு யாழினி என்று பெயர் சூட்டப்பட்டிருந்தது. கதை என்னவோ நன்றாகத்தான் எழுதப்பட்டிருந்தது. ஆனால் 1878ஆம் ஆண்டுவாக்கில் அந்தக் கிராமத்தில் பிறந்த பெண் குழந்தையை யார் யாழினி என்று அழைத்திருப்பார்கள் என்ற கேள்வி இரண்டாம் பத்தியிலேயே எழுந்துவிட்டது. கடைசி வரி வரை அது அடங்கவேயில்லை.

பெயர்த் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. பாத்திரத்துக்குப் பெயர் வைப்பவர் தாமே என்று எழுத்தாளர் எண்ணிக்கொள்கிறார். கதைக்குள்ளேயோ அந்தப் பெயரை வைத்தவர் வேறொருவர்: குழந்தையின் காதில் மூன்று முறை பெயரைச் சொன்ன தாத்தா, சுகப்பிரசவம் ஆனால் உன் பெயரையே வைக்கிறேன் என்று அம்மனிடம் நேர்ந்துகொண்ட அம்மாச்சி, ஞானஸ்நானம் கொடுத்த பங்குச் சாமியார், பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் அழைத்த பெயரை மாற்றித் தமக்குப் பிடித்ததைப் பதிவேட்டில் எழுதிய வாத்தியார். அந்தக் குழந்தை பின்னாளில் கதாநாயகி ஆவாளா, கொலைகாரி ஆவாளா என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தக் குடும்பத்தில், யார் விருப்பப்படி வைத்த பெயர் என்று கேட்டுக்கொள்ளாமல், காதுக்கு இனிமையாக ஒன்றைப் பொறுக்கிச் சூட்டும்போதுதான் யாழினிப் பாட்டிகள் பிறக்கிறார்கள்.

ஆண்டைப் பொறுத்தவரை தமிழ்ப் பெயர்களே நல்ல சான்று. மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியது 1916இல். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். அதற்கு முன்பே சூரியநாராயண சாஸ்திரி தம்மைப் பரிதிமாற் கலைஞர் என்று தமிழாக்கிக்கொண்டிருந்தார். நாராயணசாமி என்ற பெயரோடு 1920இல் பிறந்தவர் நெடுஞ்செழியன் ஆனதும், ராமையா என்ற பெயரோடு 1922இல் பிறந்தவர் அன்பழகன் ஆனதும் அவர்களே விரும்பி ஏற்ற மாற்றங்கள். ஆகவே 1920இல் பிறந்த உங்கள் பாத்திரத்துக்கு இளஞ்செழியன் என்ற பெயர் இருக்கக் கூடாது என்பதில்லை. அவன் எந்த வயதில், யாருடைய பேச்சைக் கேட்டு, வீட்டில் யாருடைய கோபத்துக்கு ஆளாகி அதைச் சூடிக்கொண்டான் என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அறிந்தால் கதைக்கு ஓர் அத்தியாயமே கிடைத்துவிடும். அந்தத் தலைமுறை தன் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள்தாம் தொட்டிலிலிருந்தே தமிழ்ப் பெயர்கள். லெனின், ஸ்டாலின், காந்தி, நேரு, போஸ் ஆகிய பெயர்களும் இப்படித்தான், தந்தையின் அரசியலையும் பிறந்த காலத்தையும் ஒருசேரச் சொல்லிவிடும். சரோஜா, பத்மா, சாவித்திரி ஒரு தலைமுறை. ரமேஷ், சுரேஷ் அடுத்தது. ரம்யா, திவ்யா அதற்கும் அடுத்தது. ஐம்பது வயது மேலாளரும் அவருடைய இருபது வயது மகனும் ஒரே தலைமுறைப் பெயர்களைத் தாங்கி வந்தால், அப்பனும் பிள்ளையும் வகுப்புத் தோழர்கள் போலத் தோன்றுவார்கள்.

ஊர் இன்னும் நுட்பமானது. கிராமத்துக் கதை என்றதும் கருப்பசாமி, மாரியம்மாள் என்று எழுதிவிட்டால் மண்வாசனை வந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் எந்தக் கிராமம்? நெல்லைப் பக்கம் சுடலையும் இசக்கியும் பேச்சியும் சோரிமுத்துவும் உண்டு. அந்தப் பெயர்களைச் செய்யாற்றங்கரையில் தேடினால் அரிதாகவே கிடைக்கும். அங்கே எல்லம்மாளும் பச்சையம்மாளும் இருப்பார்கள். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் வந்தால் பாவாடை என்ற ஆண்பெயர் இருக்கும். கொங்கு நாட்டில் பழனிச்சாமியும் நாச்சிமுத்துவும் தெருவுக்குத் தெரு. பெரிய கோயில்களும் தத்தம் எல்லைக்குள் பெயர் வழங்குகின்றன: சங்கரன்கோவில் வட்டாரத்தில் கோமதி, தென்காசியில் உலகம்மாள், குற்றாலத்தில் குற்றாலிங்கம், சுசீந்திரத்தைச் சுற்றித் தாணுலிங்கம், திருக்கடையூரில் அபிராமி, திருச்சியில் தாயுமானவன். குற்றாலிங்கம் சென்னையில் கடை வைத்திருக்கக் கூடாதா என்றால், தாராளமாக வைத்திருக்கலாம். அவர் தெற்கேயிருந்து வந்தவர் என்பதை நீங்கள் சொல்லாமலே வாசகர் தெரிந்துகொள்வார். பெயர் இலவசமாகச் செய்யும் இந்த வேலையைச் செய்யவிடாமல் எல்லாரையும் குமார் ஆக்கிவிட்டு, பிறகு ஊரை விளக்க ஒரு பக்கம் செலவழிப்பவர்களைப் பார்க்கிறேன்.

பிற சமயத்தாருக்குப் பெயரிடுவதில் அலட்சியம் மிகுதி. இஸ்லாமியப் பாத்திரம் என்றால் அப்துல் பாய். அப்துல் என்பது அரபியில் பாதிப் பெயர். 'இன்னாருடைய அடியான்' என்பதில் 'அடியான்' மட்டும் நிற்கிறது. அப்துல் காதர், அப்துல் ரகுமான் என்று இறைவனின் பெயர்களுள் ஒன்று சேர்ந்தால்தான் அது முழுமையடையும். நண்பர்கள் சுருக்கி அழைக்கலாம். கதையாசிரியர் முழுப்பெயரை அறியாமலிருப்பது வேறு. நாகூர் தர்காவின் செல்வாக்கால் வந்த சாகுல் ஹமீது, நாகூர் மீரான், நாகூர் கனி போன்ற பெயர்கள் தமிழ் மண்ணுக்கே உரியவை. அவை கதைகளில் எப்போதாவதுதான் தென்படுகின்றன. கிறித்தவர்களுக்கோ டேவிட், ஸ்டெல்லா. கத்தோலிக்கர்களின் பழைய வழக்கில் பீட்டர் ராயப்பர், பால் சின்னப்பர், ஜான் அருளப்பர், ஜோசப் சூசையப்பர். சீர்திருத்தச் சபையினர் அவர்களையே பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்பார்கள். ஆகவே ராயப்பன் என்பவர் ஒரு வீட்டிலும் பேதுரு என்பவர் இன்னொரு வீட்டிலும்தான் பிறக்க முடியும். ஞானமுத்து, தேவசகாயம், ஆரோக்கியசாமி, சவரிமுத்து என்ற பெயர்களில் எத்தனை அழகும் வரலாறும் இருக்கின்றன! அவற்றை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் ஸ்டெல்லா டீச்சரிடமே போய் நிற்க வேண்டுமா?

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது, பெயரைக் கூலிக்கேற்ப அளந்து கொடுக்கும் பழக்கம். வீட்டு வேலைக்கு வருபவள் முனியம்மா, காவலாளி மாரி, அவர்கள் வேலை பார்க்கும் வீட்டின் எசமானி வித்யா. இன்று முப்பத்தைந்து வயதில் அடுக்ககங்களில் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் பெயர் சங்கீதாவாகவோ ப்ரியாவாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். அவளுடைய பெற்றோரும் அதே படங்களைப் பார்த்தவர்கள், அதே வானொலியைக் கேட்டவர்கள். வேலைக்காரியும் வீட்டுக்காரியும் ப்ரியாவாக இருந்து, வீட்டுக்காரி அவளை வேறு பெயர் சொல்லி அழைக்கிறாள் என்றால் அந்த ஒரு செயலுக்குள்ளேயே கதை இருக்கிறது. முனியம்மா என்று எழுதியபோது அந்த வாய்ப்பை எழுத்தாளர் தாமே அடைத்துவிட்டார். நகைச்சுவைப் பாத்திரத்துக்குக் குப்புசாமி, பிச்சை என்று பெயரிட்டுச் சிரிக்க வைக்க முயல்வதும் இதன் உடன்பிறப்பு. முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது நிலைக்கட்டும் என்று இட்ட பெயர்கள் குப்பனும் பிச்சையும். அதை அறிந்தவர் சிரிக்க மாட்டார்.

ஆங்கிலப் புனைகதைகளை நிறைய வாசித்தவர்களின் எழுத்தில், குடும்பப் பெயர் தமிழருக்கும் இருப்பது போன்ற மயக்கம் நுழைந்துவிடுகிறது. 'செல்வராஜ் குடும்பத்தினர்' என்று மூன்று தலைமுறையை ஒரே பெயரில் கட்டுகிறார்கள். மகள் 'கவிதா செல்வராஜ்', பேரன் 'அருண் செல்வராஜ்'. செல்வராஜ் கவிதாவின் அப்பா என்றால், அருணின் முதலெழுத்து அவன் அப்பாவுடையது அல்லவா? தமிழ்நாட்டில் சாதிப் பட்டம் பெயரிலிருந்து உதிர்ந்ததற்கும் வரலாறு உண்டு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதன்பின் நடக்கும் கதையில் ஒருவர் பட்டத்தை வைத்துக்கொண்டிருப்பதும் விட்டுவிட்டதும், இரண்டுமே அவரைப் பற்றிய செய்திகள்தாம்.

பெயர் இருப்பது ஒருபுறம். அதை யார் வாய்விட்டுச் சொல்லலாம் என்பது மறுபுறம். பழைய தலைமுறைப் பெண் கணவனின் பெயரைச் சொல்ல மாட்டாள். மாமனாரின் பெயரையும் சொல்ல மாட்டாள். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்துவிட்டால், பெற்ற பிள்ளையைக் கூப்பிடத் தாய்க்கு இன்னொரு பெயர் தேவைப்படும். தம்பி, துரை, ராசா என்ற வீட்டுப் பெயர்கள் இப்படியும் வந்தன. 1950ஆம் ஆண்டுக் கிராமத்தில் மருமகள் கூடத்தில் நின்று, 'ஆறுமுகம், சாப்பிட வாடா' என்று பிள்ளையைக் கூப்பிடுகிறாள், அவள் மாமனாரும் ஆறுமுகம் என்றால், அங்கே எழுத்தாளர் எதிர்பாராத கலகம் ஒன்று நடந்துவிட்டது.

ஈழத்துப் பாத்திரங்களைத் தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் படைக்கும்போதும் காது வேண்டும். தமிழ்நாட்டில் சுப்பிரமணியன் என்று னகரத்தில் முடிவது யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் சுப்பிரமணியம் என்று மகரத்தில் முடியும். செல்லம்மாள் அங்கே செல்லம்மா. கந்தையா, சின்னத்தம்பி, பரமேஸ்வரி என்ற பெயர்களில் அந்த மண் தானே பேசும்.

சரித்திரக் கதைகளில் எல்லாப் பெண்களும் கயல்விழி, பூங்கொடி, தேன்மொழி. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் நானூறு பேரின் பெயர்களை வீடு வீடாகச் சொல்கிறது. தென்சிறகின், அதாவது தெற்கு வரிசையின், தலைவீட்டில் நக்கன் சேரமங்கை. அடுத்தடுத்த வீடுகளில் நக்கன் பட்டாலி, நக்கன் எடுத்தபாதம், நக்கன் சோழகுலசுந்தரி. எடுத்தபாதம்! ஆடவல்லானின் தூக்கிய திருவடி ஒரு பெண்ணின் பெயராக இருந்திருக்கிறது. எந்தக் கற்பனைக்கு இது தோன்றும்? இன்னும் முன்னே போனால் கீழடிப் பானையோடுகளில் ஆதன், குவிரன், உதிரன், திசன் என்ற பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. இத்தனை பெயர்கள் அச்சில் கிடைக்கும்போது நூறாவது கயல்விழியை எழுதுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை.

கஞ்சனுக்குத் தர்மலிங்கம், கோபக்காரிக்குச் சாந்தி, ஏழைக்குச் செல்வம் என்று பொருள் முரணை வைத்து விளையாடுவதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. வாசகர் அதை முதல் வரியிலேயே கண்டுகொண்டு எழுத்தாளரை விட ஒரு படி முன்னே போய்விடுகிறார். பொருள் பொதிந்த பெயர் வேண்டுமென்றால் வாழ்க்கையே தருகிறது. வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில் போதும்பொண்ணு என்றும் வேண்டாம் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரோடு பள்ளிக்குப் போய் வருகைப் பதிவில் 'உள்ளேன் ஐயா' சொல்லும் சிறுமியைக் காட்டினால் போதும், விளக்கவுரை வேண்டியதில்லை.

சில இடங்களில் பெயரே வேண்டியதில்லை. காதலைப் பாடும் அகத்திணையில் 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்', அதாவது யாரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்தது. அந்தத் தலைவனையும் தலைவியையும் பெயரில்லாமலே இன்றுவரை நாம் அறிந்துகொள்கிறோம். ஒரு காட்சியில் வந்து தேநீர் வைத்துவிட்டுப் போகிறவருக்கெல்லாம் முழுப்பெயர் கொடுத்தால், அவர் திரும்பி வருவார் என்று வாசகர் காத்திருப்பார்.

இனி எழுத்து தொடர்பான சிக்கல்கள். ஆங்கிலத்தில் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக எழுதிக் காட்டிவிடலாம். தமிழில் அந்த வசதி இல்லை. அன்பு, கதிர், மலர், செல்வம், வெற்றி என்று பொதுச்சொற்களைப் பெயராக்கும்போது, 'அன்பு வீட்டை விட்டு' என்று தொடங்கும் வாக்கியத்தின் வினைமுற்று வரும்வரை போனது மனிதனா, பாசமா என்று வாசகர் தவிக்க வேண்டியிருக்கும். வேண்டுமென்றே செய்தால் அது சிலேடை. தெரியாமல் செய்தால் தடுமாற்றம். கமலா, கமலி, காமாட்சி என்று ஒரே குடும்பத்தில் மூவரை வைப்பதும் இப்படித்தான். மெய்யான குடும்பங்களில் அப்படி இருப்பார்கள் என்பது உண்மை; அவர்களை நாம் முகம் பார்த்து அறிகிறோம், கதையில் எழுத்தை மட்டுமே பார்க்கிறோம்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, எழுதி முடித்த நாவலில் பெயரை மாற்ற முடிவு செய்பவருக்கு ஓர் எச்சரிக்கை. கணினியில் தேடி மாற்றும் வசதியை நம்பி மதி என்பதைக் கயல் என்று ஒரே சொடுக்கில் நான் மாற்றிய நாள் நினைவிருக்கிறது. அனுமதி 'அனுகயல்' ஆயிற்று. நிம்மதி 'நிம்கயல்' ஆயிற்று. பையன் எண்பது 'கயல்ப்பெண்' வாங்கித் தேறினான். ராமுவைக் கண்ணனாக மாற்றினால் 'ராமுவுக்கு' என்பது 'கண்ணன்வுக்கு' என்று வந்து நிற்கும். தமிழ்ப் பெயர் வேற்றுமை உருபோடும் உடம்படுமெய்யோடும் ஒட்டிக்கொண்டு வாழ்வதால், ஒவ்வோர் இடமாகப் போய்க் கையால்தான் பிரித்தெடுக்க வேண்டும். எனக்கு அதற்கு நான்கு இரவுகள் ஆயின. அச்சுக்குப் போன பிறகும் இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் ஒரு 'வெகுகயல்' தப்பியிருந்தது.