ஃபேன்டசி நாவல் படிக்க ஆரம்பிக்கிறவங்க பண்ற தப்புகள்

ஃபேன்டசி, அதாவது மந்திரம், மாய உலகம்னு போற கதைகள் படிக்கணும்னு ஆசையா ஆரம்பிச்சு ஐம்பது பக்கத்துலயே மூடி வச்சுட்டு "இதெல்லாம் நமக்கு செட் ஆகாதுப்பா"ன்னு சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. பெரும்பாலும் எதை முதல்ல எடுத்தாங்கங்கிறதுல தான் கோளாறு.

எடுத்த எடுப்புலயே இருக்கிறதுல பெரிய சீரிஸா பார்த்து வாங்கிடுறாங்க. வீல் ஆஃப் டைம் மெயின் கதையே 14 புக், 1990ல ஆரம்பிச்சு 2013ல தான் முடிஞ்சது, நடுவுல 2007ல அதை எழுதின ராபர்ட் ஜோர்டன் இறந்துட்டதால கடைசி மூணு பாகத்தை பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடிச்சார். நல்ல சீரிஸ் தான், ஆனா முதல் புக்கா வேண்டவே வேண்டாம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் டிவில பார்த்துட்டு அந்த நாவல்களை வாங்குறவங்களும் ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, அஞ்சாவது பாகம் வந்தது 2011ல, ஆறாவது இன்னும் வந்தபாடில்ல.

அதுக்கு பதிலா உர்சுலா லெ குவின் எழுதின அ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ எடுங்க. 1968ல வந்த சின்ன புக். சின்ன பசங்களுக்கானதுன்னு ஒதுக்கிடாதீங்க, அது இன்னொரு பெரிய தப்பு. கெட்னு ஒரு பையன், அபாரமான திறமை, அதே அளவுக்கு திமிர், மந்திரம் கத்துக்கிற இடத்துல கூடப் படிக்கிறவன் சீண்டிட்டான்னு வீம்புக்கு செத்துப்போன ஒருத்தியோட ஆவியை கூப்பிடப் போயி, கூடவே ஒரு நிழல் வெளிய வந்து அவன் மூஞ்சியை கிழிச்சுடுது, அதை விரட்டுறதுல தலைமை மந்திரவாதியோட உயிரே போயிடுது. அப்புறம் புக் முழுக்க அந்த நிழலுக்கும் இவனுக்கும் நடுவுல நடக்கிறது தான். பெரிய போர் எதுவும் கிடையாது, ஆனா பெரியவங்க படிச்சா இன்னும் ஆழமா குத்தும். கெட் செம்பு கலந்த பழுப்பு நிறத்து ஆளு, அட்டைப்படத்துல பல வருஷம் அவனை வெள்ளைக்காரனா வரைஞ்சாங்க, அதுக்காக லெ குவின் கடைசி வரைக்கும் வாதாடினாங்க.

அடுத்து படிக்கிற வரிசை. சி.எஸ். லூயிஸோட நார்னியா சீரிஸை செட்டா வாங்கினா ஒண்ணாம் நம்பர் போட்டு இருக்கிறது த மெஜிஷியன்ஸ் நெஃப்யூ. அதை முதல்ல படிக்காதீங்க ப்ளீஸ். அது 1955ல வந்தது, 1950ல வந்த த லயன், த விட்ச் அண்ட் த வார்ட்ரோப், அதாவது சிங்கம், சூனியக்காரி, அலமாரி கதை தான் உண்மையான முதல் புக். லூசி அலமாரிக்குள்ள கம்பளி கோட்டுகளை விலக்கிட்டு போறா, காலுக்கடியில பனி நொறுங்குது, நடுக்காட்டுல தனியா ஒரு விளக்குக்கம்பம் எரியுது. அது ஏன் அங்க இருக்குன்னு நமக்கும் தெரியக்கூடாது, அதுல தான் சுகமே. நெஃப்யூவை முன்னாடியே படிச்சிருந்தா அந்த மர்மம் போச்சு.

டெர்ரி பிராட்செட்டோட டிஸ்க்வேர்ல்ட் 41 நாவல், அதுல வரிசை பத்தி கவலையே படாதீங்க, முதல் ரெண்டு புக்ல அவர் கை இன்னும் படியல, கார்ட்ஸ்! கார்ட்ஸ்!ங்கிற புக்ல இல்லன்னா மோர்ட்ங்கிற புக்ல ஆரம்பிக்கலாம்.

டோல்கீனோட லார்ட் ஆஃப் த ரிங்ஸ்ல முன்னுரையிலயே ஹாபிட்டுகளோட (கதையில வர்ற குள்ள மனுஷங்க) புகையிலை வரலாறெல்லாம் வரும், அங்கயே நிறைய பேர் நின்னுடுறாங்க. தாண்டிட்டு நேரா முதல் அத்தியாயத்துக்கு போங்க, அப்புறமா திரும்பி வந்து படிச்சுக்கலாம். படம் பார்த்தாச்சு, இனி எதுக்கு புக்குன்னும் நினைக்காதீங்க. டாம் பாம்படில்ங்கிற கதாபாத்திரமே படத்துல கிடையாது, எல்லாம் முடிஞ்சு ஊர் திரும்பினவங்க தங்களோட ஊர் நாசமாகி மரமெல்லாம் வெட்டிக் கிடக்கிறதை பார்க்கிற அத்தியாயமும் கிடையாது. எனக்கு மொத்த கதையோட கனமே அந்த அத்தியாயத்துல தான் இருக்கு.

அப்புறம் பேர் மறந்துட்டா உடனே கூகுள் பண்ணாதீங்க, விக்கியில முதல் வரியிலயே அந்த ஆள் எப்படி செத்தான்னு போட்டிருக்கும். புக் முன்னாடி இருக்கிற மேப்பும் பின்னாடி பேர் பட்டியல் இருந்தா அதுவும் போதும். சுசன்னா கிளார்க்கோட பிரனேசி (2020) எடுத்தீங்கன்னா பின்னட்டையைக்கூட பார்க்காதீங்க, முடிவில்லாத ஒரு வீடு, மண்டபம் மண்டபமா சிலைகள், உள்ள கடல் அலை ஏறி இறங்குது, இவ்ளோ தெரிஞ்சா போதும்.