25 மீட்டர் ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட்: புதியவர்கள் விதிகளில் சறுக்கும் இடங்கள்

பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் சுடுபவர் மேசையின் முன் அமர்ந்து, துப்பாக்கியின் முன்கட்டையை ஒரு தாங்கியின்மீதும் பின்கட்டையை ஒரு மணல் பையின்மீதும் கிடத்தி, 25 மீட்டர் தொலைவில் நிறுத்திய அட்டையில் உள்ள 25 வட்டங்களுக்கும், வட்டத்துக்கு ஒரு பெல்லட் (ஏர் ரைஃபிளில் இடும் சிறு ஈயக்குண்டு) வீதம் சுடுகிறார். ஒரு வட்டத்துக்குப் பத்து மதிப்பெண், அட்டைக்கு 250. துப்பாக்கியைக் கையில் ஏந்திச் சுடுவதில்லை என்பதால், பார்ப்பவர்களுக்கு இது சோம்பேறிகளின் விளையாட்டாகத் தோன்றுவதுண்டு. உடலின் தடுமாற்றம் பெருமளவு விலகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதனாலேயே, காற்றைக் கணிப்பது, கருவியைச் சீராக வைத்திருப்பது, விதிக்கு உட்பட்டு நிற்பது ஆகிய மூன்றிலும் நேரும் சிறு பிசகுகள்கூட அட்டையில் அப்படியே தெரிந்துவிடுகின்றன.

இங்கிலாந்தில் கிளப் அளவில் நடக்கும் போட்டிகளில் துப்பாக்கிகளைச் சோதிக்கும் மேசையில் உட்காருவது என் பொறுப்பு. புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடக்கத்தில் விழுந்த அதே குழிகளில் ஒருவர் பின் ஒருவராக விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கட்டளைக்கு முன் துப்பாக்கியைத் தொடுவது, பக்கத்து மேசைக்காரரின் அட்டையில் சுடுவது போன்றவற்றை சுடுதளத்தை நடத்தும் ரேஞ்ச் ஆஃபீசர் முதல் நாளிலேயே சொல்லித் திருத்திவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்லும் விதிகள் பெரும்பாலும், உலக ரிம்ஃபயர் மற்றும் ஏர் ரைஃபிள் பெஞ்ச்ரெஸ்ட் கூட்டமைப்பின் முறையைப் பின்பற்றும் போட்டிகளுக்குப் பொருந்துபவை. அதில் லைட் வார்மின்ட் பிரிவுக்கு ஆற்றல் வரம்பு 12 அடி-பவுண்டு, எடை வரம்பு 10.5 பவுண்டு. ஹெவி வார்மின்ட் பிரிவுக்கு 20 அடி-பவுண்டு, 15 பவுண்டு. புதியவர்கள் அநேகமாக முதல் பிரிவில்தான் தொடங்குகிறார்கள்.

வேகத்தை ஒரே நிலையில் அளந்துவிட்டு நிம்மதியடைவது

இதைப் பற்றிப் பேசும்போது எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. காரணம், இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய தவறு. அதே சமயம் ஒரு நாள் உழைப்பை மொத்தமாகத் துடைத்துவிடக்கூடிய தவறும் இதுதான்.

குழல் வாயிலிருந்து வெளியேறும் பெல்லட்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டை, அதாவது சுமார் 16.27 ஜூலை, தாண்டக் கூடாது. பெல்லட்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஆற்றல் கிடைக்கும். பள்ளிக்கூடக் கணக்குதான். புதியவர் வீட்டுத் தோட்டத்தில் துப்பாக்கியின் காற்றுச் சிலிண்டரை நிரப்பி, கையிலிருக்கும் டின்னிலிருந்து மூன்று பெல்லட்டுகளை எடுத்து, வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபின்மேல் சுட்டு, 11.8 அல்லது 11.9 என்று வந்ததும் மகிழ்ந்துபோகிறார். வரம்புக்கு எவ்வளவு நெருங்கினால் அவ்வளவு ஆதாயம் என்பது அவர் எண்ணம். அந்த ஆதாயம் எவ்வளவு என்று பார்ப்போம். 11.5 அடி-பவுண்டிலிருந்து 11.95-க்கு ஏற்றினால் வேகம் கூடுவது இரண்டு விழுக்காடுதான். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் பக்கக்காற்று 25 மீட்டரில் பெல்லட்டை ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு மில்லிமீட்டர் தள்ளும். அந்த இரண்டு விழுக்காட்டு வேகத்தால் இதில் கால் மில்லிமீட்டர்கூட மாறாது. இதற்காகத்தான் தகுதி நீக்கத்தின் விளிம்பில் போய் உட்காருகிறார்கள்.

வரம்பை மீற வைக்கும் முதல் காரணம் பெல்லட். அழுத்திய காற்றில் இயங்கும் பிசிபி வகைத் துப்பாக்கிகளில், கனமான பெல்லட் பொதுவாகக் கூடுதல் ஆற்றலைப் பெற்றுக்கொண்டு வெளியேறும். ஸ்பிரிங் துப்பாக்கிகளில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. ஒரு போட்டியில் இளைஞர் ஒருவர் காலைச் சோதனையில் 0.547 கிராம் பெல்லட்டுடன் வந்தார். வேகம் நொடிக்கு 240 மீட்டர், ஆற்றல் 15.75 ஜூல். எந்தக் குறையும் இல்லை. காற்று கொஞ்சம் வலுத்ததும் இரண்டாம் அட்டைக்கு 0.670 கிராம் பெல்லட்டுக்கு மாறிவிட்டார். அந்த அட்டை முடிந்ததும் வழக்கமான திடீர்ச் சோதனையில் அவர் பெயர் வந்தது. வேகம் 221 தான். முன்பைவிடக் குறைவு என்று அவர் சிரித்துக்கொண்டேதான் நின்றார். ஆனால் ஆற்றல் 16.36 ஜூல். பத்தில் ஒரு ஜூல்கூட முழுதாக மிஞ்சவில்லை, இருந்தும் அந்த அட்டை செல்லாமல் போனது. ‘வீட்டில் அளந்தபோது சரியாக இருந்ததே’ என்றார். அந்தப் பதிலை அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் சிலிண்டரின் அழுத்தம். ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) இல்லாத பிசிபி துப்பாக்கியில், சிலிண்டர் முழுதாக நிரம்பியிருக்கும்போது அந்த அழுத்தத்தை எதிர்த்து வால்வு போதிய அளவு திறக்காது. ஆகவே முதல் சில சுடுதல்களில் வேகம் குறைவாகவே இருக்கும். காற்று செலவாக ஆக வேகம் ஏறி, நடுவில் ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். நிரப்பியவுடன் மூன்று பெல்லட் சுட்டுப் பார்ப்பவர் அந்த உச்சத்தை ஒருநாளும் பார்க்கமாட்டார். சோதனை மேசைக்காரர் பார்ப்பார். ரெகுலேட்டர் இருந்தாலும் முழு நிம்மதி கிடையாது. அதன் இருக்கை தேய்ந்திருந்தால் காற்று மெல்லக் கசிந்து, துப்பாக்கி சும்மா கிடக்கும் அரைமணி நேரத்தில் உள்ளழுத்தம் ஏறிவிடும். அப்போது முதல் பெல்லட் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகப் போகும். சோதனைக்கு வரும் துப்பாக்கி பெரும்பாலும் அரைமணி நேரம் சும்மா கிடந்துவிட்டு வருவதுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது காரணம் அளக்கும் கருவி. ஒளியை நம்பி இயங்கும் குரோனோகிராஃப் வெயிலிலும் மேகத்திலும் சற்றே வேறு எண் காட்டக்கூடும். உங்கள் கருவிக்கும் எங்கள் கருவிக்கும் இடையே வேகத்தில் ஒரு விழுக்காடு வேறுபட்டால், ஆற்றலில் அது இரண்டு விழுக்காடாகிவிடும். 11.9-இல் நிற்கும் துப்பாக்கி அந்த வேறுபாட்டிலேயே வரம்பைத் தாண்டிவிடும். போட்டியில் கணக்கில் கொள்ளப்படுவது அமைப்பாளரின் கருவி காட்டும் எண்தான், அதனுடன் வாதாடிப் பயனில்லை.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இதில் மதிப்பெண்ணைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 12 அடி-பவுண்டுக்கு மேல் சுடவல்ல ஏர் ரைஃபிள், 1969-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான காற்றாயுதம். சான்றிதழ் இல்லாமல் அதை வைத்திருப்பது 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டத்தின்கீழ் குற்றம். சட்டம் பார்ப்பது அந்தத் துப்பாக்கியால் என்ன முடியும் என்பதை. ஆகவே, ‘நான் இந்த பெல்லட்டை மட்டும்தான் பயன்படுத்துகிறேன்’ என்ற விளக்கம் அங்கே எடுபடாது. அலமாரியில் கிடக்கும் கனமான பெல்லட் ஒன்றில் அது 12.3 காட்டினால், அது 12.3 காட்டும் துப்பாக்கிதான்.

ஆகவே போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, உங்களிடமுள்ள எல்லா வகை பெல்லட்டுகளையும் எடுத்துக்கொண்டு, சிலிண்டர் நிரம்பிய நிலையிலிருந்து மறுபடி நிரப்ப வேண்டிய நிலை வரை இடைவிடாமல் சுட்டு, ஒவ்வொரு வேகத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். துப்பாக்கியை அரைமணி நேரம் வைத்துவிட்டு முதல் பெல்லட்டைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். டின்மேல் அச்சிட்ட எடையை நம்பாமல் சில பெல்லட்டுகளைத் தராசில் வைத்துப் பாருங்கள். வந்த எண்களில் சராசரியை விட்டுவிட்டு மிக உயர்ந்ததை எடுத்து, அது 11.5 அடி-பவுண்டுக்குள், அதாவது 15.6 ஜூலுக்குள், அடங்கும்படி துப்பாக்கியை அமைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு வரும்போது மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டு வரும் தந்திரம் எங்களுக்கும் தெரியும்.

எடையைப் பாதியாகப் போடுவது

துப்பாக்கியில் பொருத்தியிருக்கும் எல்லாமே எடைக் கணக்கில் சேரும். ஸ்கோப், அதன் வளையங்கள், வெயில் மறைப்புக் குழாய், குழலின் அதிர்வைச் சரிசெய்ய முனையில் திருகிய டியூனர், சாய்வு காட்டும் குமிழி எதுவும் விலக்கல்ல. வரம்பு 4.76 கிலோ என்றால் 4.75-இல் கொண்டுவந்து நிறுத்துபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: காற்றுக்கும் எடை உண்டு. 200 மில்லிலிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் சுமார் 40 லிட்டர் காற்று அடைந்திருக்கும். அதன் எடை 48 கிராம் அளவுக்கு வரும். வீட்டில் காலிச் சிலிண்டருடன் எடைபோட்டுவிட்டுப் போட்டியன்று நிரப்பிக்கொண்டு வருபவர், அங்கேயே நின்று மறைப்புக் குழாயைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றியதை மேசைக்குப் போனதும் திரும்ப மாட்டுவது தகுதி நீக்கத்துக்குப் போதுமான காரணம்.

சைட்டர் வட்டங்களைத் தொடக்கத்தோடு மறந்துவிடுவது

மதிப்பெண்ணுக்கு உரிய 25 வட்டங்களைத் தவிர, அட்டையில் சோதித்துப் பார்ப்பதற்கென்றே சைட்டர் வட்டங்கள் உண்டு. நேரம் முடியும் வரை அவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம். புதியவர்களோ ஐந்தாறு பெல்லட் சுட்டு ஸ்கோப்பைச் சரிசெய்ததும் அந்தப் பக்கமே திரும்பாமல், வரிசையாகப் பத்து வட்டங்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். இதற்கிடையில் காற்று திசை மாறிவிட்டிருக்கும். பழகியவர்கள் கொடி அசைவு மாறியதும் முதலில் சைட்டருக்குப் போய் ஒரு பெல்லட் செலவிட்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வட்டத்துக்கு வருகிறார்கள். மதிப்பெண் வட்டத்தில் காற்றைச் சோதிப்பதைவிட விலை உயர்ந்த சோதனை வேறில்லை.

இதில் மறுபக்க ஆபத்தும் ஒன்று உண்டு. சைட்டரிலிருந்து திரும்பும்போது ஸ்கோப்பின் குறுக்குக் கம்பி எந்த வட்டத்தில் நிற்கிறது என்று பார்க்காமலேயே விசையைத் தொட்டுவிடுவது அது. பெஞ்ச்ரெஸ்ட் துப்பாக்கிகளின் விசை சில பத்து கிராம் அழுத்தத்திலேயே இயங்கும்படி அமைக்கப்படுவதுண்டு, தொட்டுவிட்டால் தொட்டதுதான்.

ஒரே வட்டத்தில் இரண்டு பெல்லட்

குறைந்த மதிப்பெண்தான் எண்ணப்படும். அதற்குமேல் அபராதமும் வரலாம். சுடும் வரிசையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் எந்தப் போட்டியிலும் மாற்றாதீர்கள்.

காற்றுக் கொடிகள்

கொடி வைக்க அனுமதி உண்டு என்றவுடன், சுடுதளம் முழுவதும் தம் வசதிக்கு நட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். கொடிகள் தொடக்கக் கட்டளைக்கு முன், ரேஞ்ச் ஆஃபீசர் முன்னே செல்ல அனுமதிக்கும் வேளையில் மட்டுமே வைக்கப்பட வேண்டும். எவருடைய பார்வைக் கோட்டையும் மறைக்காத உயரத்தில் அவை இருக்க வேண்டும். வைத்தபின், அது உங்கள் கொடியே ஆனாலும், சுடுதல் நடக்கும்போது போய்ச் சரிசெய்ய முடியாது. பக்கத்து மேசைக்காரரின் கொடியை நீங்கள் பார்ப்பதில் குற்றம் எதுவுமில்லை. சொல்லப்போனால், பத்து மீட்டரில் நிற்கும் உங்கள் ஒற்றைக் கொடியைவிட, மூன்று மேசை தள்ளிக் காற்று வரும் பக்கத்தில் நிற்கும் கொடி உங்களுக்கு முன்கூட்டியே செய்தி சொல்லும்.

தாங்கி

துப்பாக்கியைத் தாங்கலாம், இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நேராக மேலே தூக்கினால் அது தடையின்றிக் கையோடு வர வேண்டும்.

நடுவில் காற்று நிரப்புவது

ஓர் அட்டைக்குத் தேவையான காற்று துப்பாக்கியில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

துளையைத் தொடுவது

கூட்டமைப்பு முறையில், பெல்லட் துளையின் விளிம்பு உள்வட்டக் கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண் கிடைக்கும். அமெரிக்க ரிம்ஃபயர் சங்கத்தின் 2500 மதிப்பெண் அட்டையில் இதற்கு நேர்மாறாக, துளையின் வெளிப்பக்க விளிம்பு தொட்ட கோடே மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். இணையத்தில் அதைப் படித்துவிட்டு வந்து இங்கே வாதிடுபவர்களையும், இதைப் பழகிவிட்டு அங்கே வாதிடுபவர்களையும் பார்த்தாயிற்று.

அதைவிட முக்கியமானது துளையின் இயல்பு. பத்து மீட்டர் போட்டிகளில் பயன்படும் தட்டைத்தலை பெல்லட், அட்டையில் வட்டமாகத் துளை போட்டதுபோல் வெட்டும். 25 மீட்டரில் காற்றைச் சமாளிப்பதற்காக நாம் பயன்படுத்தும் உருண்டைத்தலை பெல்லட் அப்படி வெட்டாது. காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போய், பின்புறம் இழைகள் மடங்க, பெல்லட்டின் உண்மையான 4.5 மில்லிமீட்டரைவிடச் சிறியதாகத் தெரியும் ஓட்டையை விட்டுச் செல்லும். அதனால்தான் ஐயத்துக்குரிய துளையில் நடுவர் அளவுகோல் செருகியை இறக்கி, உருப்பெருக்கியால் பார்த்து முடிவு செய்கிறார். நேராக இறக்கிய செருகி காகித இழைகளை ஒதுக்கிவிடும் என்பதால் இரண்டாம் முறை செருகினால் அதே விடை வராது. அட்டை கையில் வந்ததும் அந்த ஓட்டையை விரல் நுனியால் தடவி நிமிர்த்திப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஒருமுறை தடவிவிட்டால் அந்தத் துளையைப் பற்றி முறையிடும் உரிமை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை ஓரத்தில் பிடித்து, ஐயமிருந்தால் எந்த வட்டம் என்று மட்டும் நடுவரிடம் சொல்லுங்கள்.

பிரிவு மாறும்போது உள்ளூர்ச் சட்டத்தைப் பார்க்காதது

லைட் பிரிவில் ஓரளவு தேறியதும் பலருக்கு ஹெவி வார்மின்ட் ஆசை வருகிறது. போட்டி விதி 20 அடி-பவுண்டுவரை அனுமதிக்கிறது, அதாவது சுமார் 27 ஜூல். இங்கிலாந்தில் அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஸ்காட்லாந்தில் 12 அடி-பவுண்டுக்குக் கீழுள்ளவற்றுக்கே 2016 இறுதியிலிருந்து உரிமம் வேண்டும். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் உரிமமின்றி அனுமதிப்பது 20 ஜூலுக்கும் 0.177 அங்குலக் குழலுக்கும் உட்பட்டவற்றை மட்டுமே. எனவே தமிழ்நாட்டில் இருந்தபடி இந்தப் பயிற்சியைத் தொடங்க நினைப்பவர்களுக்கு, 4.5 மில்லிமீட்டர் குழலுடன் லைட் பிரிவுக்கு அமைத்த துப்பாக்கியே பொருத்தமானது.