ஓய்வுநிலை எஃப்.எம்.ஆர்.ஐ. சிக்னலை அதிர்வெண் பட்டைகளாகப் பிரிப்பது எப்படி?

ஸ்கேனருக்குள் ஒருவரை எந்த வேலையும் கொடுக்காமல் சும்மா படுக்கவைத்து எடுக்கிற எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளையின் ரத்த ஓட்ட மாற்றத்தைப் படமெடுக்கும் ஸ்கேன்) தரவில், ஒவ்வொரு வாக்ஸலிலும் (படத்தின் சின்னக் கனசதுரத் துண்டு) ஒரு சிக்னல் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். 0.1 ஹெர்ட்ஸுக்கும் குறைவான இந்த ஏற்ற இறக்கம் மூளையின் இடது, வலது இயக்கப் புறணிகளில் (உடல் அசைவை இயக்கும் பகுதிகள்) ஒத்துப்போகிறது என்று 1995-இல் பரத் பிஸ்வால் குழு காட்டியது. அதிலிருந்து பெரும்பாலானோர் 0.01 முதல் 0.1 ஹெர்ட்ஸ் வரை உள்ளதை ஒரே கட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கப் போகிறோம். பைத்தான் கொஞ்சம் தெரிந்து, நைலேர்ன் (மூளைப் படத் தரவுக்கான பைத்தான் நூலகம்) நிறுவியிருந்தால் போதும்.

படி 1: பட்டைகளைத் தேர்ந்தெடுங்கள்

நாமாக எல்லை வகுக்கத் தேவையில்லை. மூளை அலைகளுக்கு நரம்பியலாளர் புஸாக்கியின் குழு முன்வைத்த பிரிவுகளே இங்கேயும் புழங்குகின்றன. ஸ்லோ-5 என்பது 0.01–0.027 ஹெர்ட்ஸ், ஸ்லோ-4 0.027–0.073, ஸ்லோ-3 0.073–0.198, அதற்கு மேல் ஸ்லோ-2. ஒவ்வொரு எல்லையும் முந்தையதைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு. 2010-இல் வெளிவந்த ஸுவோ குழுவின் ஆய்வில் ஸ்லோ-4 ஏற்ற இறக்கம் அடித்தள முடிச்சுகளில் (மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா) ஸ்லோ-5-ஐவிட வலுவாக இருந்தது, அதாவது பட்டைக்குப் பட்டை இடமும் மாறுகிறது. பிரிப்பதற்கான காரணமே இதுதான்.

படி 2: உங்கள் ஸ்கேன் இதற்குத் தாங்குமா என்று பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். டி.ஆர். (ஒரு முழு மூளைப் படம் எடுக்கிற நேரம்) 2 வினாடி என்றால், பார்க்கக்கூடிய உச்ச அதிர்வெண் 0.25 ஹெர்ட்ஸ்தான். அதைவிட வேகமானது எதுவும் காணாமல் போவதில்லை, வேறு வேஷம் போட்டுக்கொண்டு கீழே வந்து உட்காரும். இதயத் துடிப்பு 1.1 ஹெர்ட்ஸ் என்றால் அது 0.1 ஹெர்ட்ஸாகத் தெரியும், நேராக ஸ்லோ-3-க்குள்! மூச்சு வேறு 0.2–0.3 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதனால் டி.ஆர். 2 வினாடி உள்ள தரவில் ஸ்லோ-3, ஸ்லோ-2 முடிவுகளை மூளையின் வேலை என்று நான் படிக்க மாட்டேன்.

அடுத்து ஸ்கேனின் நீளம். உதாரணத்துக்கு 200 படங்கள், 2 வினாடி வீதம், ஆக 400 வினாடி. 0.01 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க 100 வினாடி ஆகும், ஆக மொத்தமே நாலு சுற்றுதான் கிடைக்கும். அதிர்வெண் துல்லியம் 1/400, அதாவது 0.0025 ஹெர்ட்ஸ். ஸ்லோ-5-இன் அகலத்தை (0.017) இதனால் வகுத்தால் ஏழு அதிர்வெண் புள்ளிகள், ஸ்லோ-4-இல் பதினெட்டு. இந்த எண்களைக் குறித்து வையுங்கள், படி 5-இல் வேண்டும்.

படி 3: குப்பையையும் ஃபில்டரையும் ஒரே கையில் செய்யுங்கள்

தலை அசைவு போன்ற குப்பையை ரிக்ரஷனில் (அதன் பங்கைக் கணக்கிட்டுக் கழிக்கும் முறை) நீக்குவதும் பட்டையை வடிகட்டுவதும் தனித்தனியாக நடந்தால், முதலில் எடுத்த குப்பை இரண்டாவதில் திரும்ப வந்துவிடலாம். நைலேர்னின் சிக்னல் கிளீன் வசதியில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது அசைவுத் தரவையும் அதே ஃபில்டரில் ஓட்டிவிடும். ஏ.எஃப்.என்.ஐ. (இன்னொரு மூளைப் பட மென்பொருள்) பழக்கம் என்றால் அதில் 3dTproject.

கொடுக்கும்போது ஒரு குழப்பம் வரும். ஹை பாஸ் என்ற இடத்தில் பட்டையின் கீழ் எல்லை, லோ பாஸில் மேல் எல்லை. ஸ்லோ-4-க்கு ஹை பாஸ் 0.027, லோ பாஸ் 0.073. டி.ஆர். எண்ணை வினாடியில் நீங்களே எழுதுங்கள், மில்லி வினாடியில் அல்ல. பட்டைக்கு ஒருமுறையாகத் திரும்ப ஓட்டுங்கள்.

படி 4: வரைந்து பாருங்கள்

வடிகட்டிய சிக்னலின் பவர் ஸ்பெக்ட்ரத்தை வரையுங்கள். பட்டைக்கு வெளியே சக்தி கணிசமாக இருந்தால் எண் எங்கேயோ தவறு. சிக்னலின் தொடக்கத்திலும் முடிவிலும் விசித்திரமான வளைவு தெரிந்தால் அது ஃபில்டரின் ஓர விளைவு, அந்தச் சில புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 5: தொடர்பைக் கணக்கிடுங்கள், ஆனால் பி-மதிப்பை நம்பாதீர்கள்

மூளையின் இரண்டு பகுதிகளான பின் சிங்குலேட்டுக்கும் நடு முன்நெற்றிப் புறணிக்கும் ஒவ்வொரு பட்டையிலும் கோரிலேஷன் எடுங்கள். மென்பொருள் 200 புள்ளிகள் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டு கோரிலேஷன் 0.14 இருந்தாலே பி-மதிப்பை (தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05-க்குக் கீழே காட்டி "முக்கியம்" என்று சொல்லிவிடும். உண்மையில் ஸ்லோ-5-இல் மிஞ்சியிருப்பது ஏழு அதிர்வெண்கள், ஒவ்வொன்றுக்கும் வீச்சும் கட்டமும் (ஃபேஸ், அலை தொடங்கும் நிலை) என இரண்டு எண்கள், ஆக சுமார் 14 தகவல்தான். 14 புள்ளிகளுக்கு அந்த எல்லை 0.53! வடிகட்டின சிக்னல் வழவழவென்று இருப்பதால் எதை எதோடு ஒப்பிட்டாலும் பொருந்துகிற மாதிரிதான் தோன்றும்.

சரி, என்ன செய்வது? இரண்டு சிக்னல்களின் ஃபூரியே கட்டங்களையும் தனித்தனியாகக் குலுக்கி, வீச்சை அப்படியே வைத்து, போலி சிக்னல்களை ஆயிரம் முறை உருவாக்கி, அதே பட்டையில் கோரிலேஷன் எடுங்கள். உங்கள் நிஜ எண் அந்தக் குவியலில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஸ்லோ-5-இன் குவியல் ஸ்லோ-4-ஐவிட அகலமாக இருக்கும், அதனால் இரண்டு பட்டைகளின் கோரிலேஷனையும் நேராகப் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்காமல், ஒவ்வொன்றையும் அதனதன் குவியலோடு ஒப்பிட்ட பிறகே கேளுங்கள்.