தொடாமலே துகளைத் திருப்ப: நான்கு டம்ளரும் ஒரு கூட்டல் குறியும்

எங்கள் செங்கோட்டைப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். எதிரெதிராக இரண்டு வாய்க்கால் வந்து முட்டி, பக்கத்துக்கு ஒன்றாகப் பிரியும் இடத்தில், நடுவே ஒரு புள்ளி மட்டும் சும்மா நிற்கும். அதில் விழுந்த வைக்கோல் துண்டு கொஞ்ச நேரம் தயங்கும். பிறகு தண்ணீர் வெளியேறும் திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொண்டு, ஏதோ ஒரு பக்கமாகப் போய்விடும்.

ஓட்டத்தைக் கொண்டே, தொடாமல் நுண்துகள்களைப் பிடிக்கும் ஆய்வகங்கள் நம்பியிருப்பதும் இந்தத் தயக்கத்தைத்தான். 1934-இல் பிரிட்டன் இயற்பியலாளர் ஜி.ஐ. டெய்லர் நான்கு உருளைகளைச் சுழற்றி இதே ஓட்டத்தை உண்டாக்கி, நடுவில் எண்ணெய்த் துளியை நிறுத்தி அது நீள்வதைப் பார்த்தார். நமக்கு உருளை வேண்டாம், நான்கு டம்ளர் போதும்.

திரவம் ஓடும் சின்ன அறையைச் செய்தல்

நேம்போர்டு செய்யும் கடையில் உள்ளங்கை அளவில் இரண்டு அக்ரிலிக் துண்டு கேளுங்கள், வெட்டுக் கழிவிலேயே கிடைக்கும். ஒன்றின் மேல் 1 மி.மீ. கனமுள்ள இருபக்க ஃபோம் டேப்பை முழுக்க ஒட்டி, 3 மி.மீ. அகலத்தில் கூட்டல் குறியை வெட்டி எடுங்கள். மற்றதில், குறியின் நான்கு முனைகளுக்கு நேராகத் துளை போட்டு மேலே வைத்து அழுத்துங்கள். குளுக்கோஸ் ஏற்றும் டியூப் நான்கு வாங்கி (ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரோடு, புதிதாக), துளைகளில் எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். ஒரு ராத்திரி காயட்டும்.

திரவமும் துகளும்

தண்ணீரும் கிளிசரினும் அளவில் பாதிக்குப் பாதி. இந்த விகிதத்துக்குக் காரணம் உண்டு: கலவையின் அடர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்தால்) 1.14-ஐ ஒட்டி வரும், பரவலான நைலான் வகைகளின் அடர்த்தியும் அதுதான். டூத் பிரஷ் முடி பெரும்பாலும் நைலான், ஆனால் சில வகை இதைவிட லேசாக இருக்கும். அதை பிளேடால் அரை மி.மீ. துண்டுகளாக நறுக்கிப் போட்டு, மிதந்தால் தண்ணீரும் மூழ்கினால் கிளிசரினும் கொஞ்சம் சேர்த்து, மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும்படி செய்யுங்கள். முதலில் நான் பஞ்சு நூலை நறுக்கிப் போட்டேன். அது சுருண்டுகொண்டு எந்தத் திசையில் நிற்கிறது என்றே தெரியவில்லை.

நான்கு டம்ளரில் கலவையை ஒரே மட்டத்துக்கு ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு டியூபைப் போடுங்கள். குழாயிலோ அறையிலோ காற்றுக் குமிழி இருக்கவே கூடாது. குமிழி ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும், ரோலரை மூடின பிறகும் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். இது புரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்க ரோலரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இடத்தில் நிறுத்துதல்

எதிரெதிர் டம்ளர் இரண்டின் அடியில் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். அரை செ.மீ. உயரம் போதும். அந்த இரண்டும் வரும் வழி, மற்ற இரண்டும் போகும் வழி. செல்போனில் கிளிப் லென்ஸ் மாட்டி நடுவைப் பாருங்கள்.

நைலான் துண்டு வலப்பக்கம் நழுவுகிறதா? வலப்பக்க ரோலரைச் சற்று மூடுங்கள். அந்தப் பக்கம் போவது குறைந்ததும், சும்மா நிற்கும் புள்ளி வலப்பக்கமாக நகரும். அது துண்டைத் தாண்டிப் போனால்தான் துண்டு இடப்பக்கம் திரும்பும். ஆகவே துண்டை முந்திப் போய் வழி மறிக்க வேண்டும், ஆடு மேய்க்கிற மாதிரி. திரும்பி வந்ததும் ரோலரைப் பழையபடி விடுங்கள். இது ஓயாத வேலை, கையை எடுத்தால் போய்விடும். சாரல் மாதத்தில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்று மேசையையே ஆட்டும், ஜன்னலைச் சாத்திவிட்டு உட்காருங்கள்.

திசையைத் திருப்புதல்

பிடித்து வைத்த துண்டு தானாகவே போகும் வழியோடு நீளவாக்கில் படுக்கும். இப்போது நான்கு ரோலரையும் மூடி, நோட்டுகளை மற்ற இரண்டு டம்ளருக்கு மாற்றி, திரும்பத் திறந்துவிடுங்கள். வந்த வழி போகும் வழியாகிவிடும். துண்டு முதலில் அசையாது. பிறகு ஒரு முனை லேசாக விலகும், அப்புறம் சரசரவென்று 90 பாகை திரும்பிப் படுக்கும்.

எனக்குப் பிடித்தது இதன் நடுப்பகுதி. பாதி திரும்புகையில் நான்கையும் மூடுங்கள். துண்டு 45 பாகையில் அப்படியே நின்றுவிடும், ஒரு முடியளவும் கூடுதலாகச் சுற்றாது. இந்த அளவிலும் வேகத்திலும் பிசுபிசுப்புதான் ஆட்சி, ஓடிய வேகத்தில் மேலும் போவது என்பதே இல்லை. தேனில் விட்ட கரண்டியைத் தள்ளி நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

ஓட்டத்தை நிறுத்தாமலே சாய்வாகப் பிடிக்க நான்கு வழி போதாது. ஆறு வழி இருந்தால் இழுக்கும் திசையையே சாய்க்கலாம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஷ்ரோடரின் குழு 2016-இல் வெளியிட்ட 'ஸ்டோக்ஸ் பொறி' ஆறு வழிகளைக் கொண்டு ஒரே நேரத்தில் இரண்டு துகள்களைத் தனித்தனியாக நடத்தியது. பின்னர் கோல் வடிவத் துகளின் திசையையும் சேர்த்துக் கட்டுப்படுத்தினார்கள். அங்கே ரோலரைத் திருகுவது கணினி. கேமரா துகளைப் பார்க்கும், கணினி அடுத்த நொடிக்கு எந்த வழியில் எவ்வளவு என்று கணக்குப் போடும்.

முடிந்ததும் வெந்நீர் விட்டு எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். கிளிசரின் இனிக்கும். மறுநாள் காலை என் கூட்டல் குறிக்குள் வரும் வழி, போகும் வழி எல்லாவற்றிலும் எறும்புதான்.