ஜப்பானியக் கோயில் அச்சுப்படம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பனியில் நிற்கும் சிவப்பு வாசல், குடையைச் சாய்த்துக்கொண்டு போகும் ஒரு பெண். கவாசே ஹசுய் 1925இல் செய்த தோக்கியோ சோஜோஜி கோயில் படம் இது. ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளைத் தேடுகிறவர்கள் கண்ணில் எப்படியும் பட்டுவிடும், அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விலைகளில். காரணம் ஒன்றுதான்: படம் உருவான ஆண்டு வேறு, அந்தத் தாள் அச்சான ஆண்டு வேறு. கட்டை இருக்கும்வரை திரும்பத் திரும்ப அச்சடிக்கலாம், தேய்ந்தால் புதிதாகச் செதுக்கியும் அடிக்கலாம். ஆகவே விற்பவர் "1925" என்றால், எது 1925 என்று கேளுங்கள்.

முதலில் பூதக்கண்ணாடி. நிறங்கள் பொடிப்பொடிப் புள்ளிகளாக வரிசைகட்டித் தெரிந்தால் அது இயந்திர அச்சு, அத்தோடு விட்டுவிடலாம். மரக்கட்டை அச்சில் நிறம் பரவலாகப் படிந்திருக்கும், சில இடங்களில் மரத்தின் ரேகைகூடத் தெரியும். அப்புறம் தாளைத் திருப்புங்கள். நிறம் நார்களுக்குள் ஊறிப் பின்பக்கமும் லேசாகத் தெரியவேண்டும், பரேன் என்ற தேய்ப்பானை அழுத்திச் சுழற்றிய தடமும் பெரும்பாலும் இருக்கும். சட்டத்தைக் கழற்ற மாட்டேன், பின்பக்கத்தைக் காட்ட மாட்டேன் என்கிறவரிடம் நான் வாங்க மாட்டேன்.

பனிக்காட்சி என்றால் பனியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். தரையிலும் கூரையிலும் படிந்த பனி பெரும்பாலும் நிறம் பூசாத வெறும் தாள், அதனால் தாள் பழுத்தால் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வானத்தில் அடர்ந்து மெல்ல மங்கும் நிறத்துக்கு பொகாஷி என்று பெயர். ஒவ்வொரு தாளுக்கும் கட்டையின் மேல் கையால் நிறத்தைத் துடைத்துச் செய்வது, அவசர மறுஅச்சுகளில் இது சொதப்பலாக இருக்கும்.

ஓரத்து முத்திரைகளையும் விடாதீர்கள். ஹசுயின் பதிப்பாளர் வதனபே ஷோசபுரோ. 1923 நிலநடுக்கத் தீயில் அவர் கடையும் கட்டைகளும் எரிந்துபோனதால் அதற்கு முந்தைய ஹசுய் அச்சுகள் அரிது. வதனபேயின் சுமார் 6 மில்லிமீட்டர் வட்ட முத்திரை இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அச்சு. இன்னொரு அச்சு ஓவியரான யோஷிதா ஹிரோஷியின் படங்களில் ஓரத்தில் 'ஜிசுரி' முத்திரை இருக்கிறதா பாருங்கள், அவர் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுதான் அடையாளம்.

இன்னொரு குழப்பம். பழைய அச்சு ஓவியர் ஹிரோஷிகே 1856இல் செய்த படம், தோக்கியோவின் அசகுசா பகுதியிலுள்ள சென்சோஜி கோயிலைக் காட்டுகிறது. அதில் வாசலில் தொங்கும் பெரிய சிவப்பு விளக்குக்குக் கீழே, வலப்பக்கம் ஐந்தடுக்குக் கோபுரம் தெரியும். இன்றைய சென்சோஜியில் அது இடப்பக்கம். படம் இடவலம் மாறி அச்சாகவில்லை, 1945 குண்டுவீச்சில் எரிந்த கோபுரத்தை 1973இல் மறுபக்கம் கட்டினார்கள். விளக்குத் தொங்கும் அந்த வாசலே 1865இல் எரிந்து 1960இல்தான் மறுபடி எழுந்தது. அதனால் இன்றைய புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் போலி என்று முடிவுகட்டாதீர்கள்.

சும்மா சுவரில் மாட்டத்தான் என்றால், சரி, பிற்கால அச்சே தாராளமாகப் போதும். வெயில் படாத சுவராகப் பாருங்கள், ஒட்டுநாடா மட்டும் வேண்டவே வேண்டாம்.