பழைய கணினியில் புதிய கார்டு பொருத்துவது எப்படி: ஸ்லாட்டுக்கு முன் ஒரு தாள்

ஐபிஎம் பிசி வெளிவந்தது 1981-இல். அதன் ஸ்லாட்டுக்கென்று இன்றும் புதுப்புதுக் கார்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. செத்துப்போன ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக மெமரி கார்டு, அந்தக்கால சவுண்டு கார்டு போலவே நடிக்கும் ஒரு சின்னச் சில்லு, நெட்வொர்க், கூடுதல் ரேம் என்று எல்லாமே கிடைக்கின்றன. பலவற்றின் வரைபடங்கள் திறந்த உரிமத்தில் இருப்பதால், சாலிடரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

கார்டைச் செருகுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒரு திருப்புளி போதும். செருகிய பிறகு கணினி பேசாமல் நிற்கும்போதுதான் தலைவலி. இந்தத் தலைமுறைக் கணினிகளில் கார்டு தானாகவே தனக்கு இடம் பிடித்துக்கொள்ளாது. எந்தக் கார்டுக்கு எந்த முகவரி என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? இங்கேயும் அதே கதைதான். அதனால் ஸ்லாட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

உதாரணமாக எக்ஸ்டி-ஐடிஇ கார்டையும் (பழைய ஸ்லாட்டில் டிஸ்க்கை இணைக்க உதவும் கார்டு) ஒரு காம்பாக்ட் ஃபிளாஷ் மெமரி கார்டையும் எடுத்துக்கொள்வோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சவுண்டு கார்டுமேல் ஆசை இருக்கும், தெரியும். ஆனால் நம்பகமான டிஸ்க் ஒன்று இல்லாமல் மற்றதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் ஃபிளாப்பியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

படி 1: உங்களிடம் இருப்பது எந்த ஸ்லாட்?

மூடியைத் திறந்து பாருங்கள். 62 தொடுமுனைகள் கொண்ட ஒற்றைக் கறுப்புத் துண்டு இருந்தால் அது 8-பிட் ஐஎஸ்ஏ. ஐபிஎம் பிசியிலும் 1983-இல் வந்த எக்ஸ்டியிலும் இதுதான். அதே வரிசையில் 36 தொடுமுனைகள் கொண்ட இன்னொரு சிறு துண்டு இருந்தால் அது 16-பிட் ஐஎஸ்ஏ. 1984-இன் ஏடியில் தொடங்கி பென்டியம் கணினிகள் வரை இதைப் பார்க்கலாம். 8-பிட் கார்டு பொதுவாக 16-பிட் ஸ்லாட்டிலும் வேலை செய்யும். வெள்ளை நிறத்தில், நெருக்கமான பற்களோடு, சற்று உள்ளே தள்ளி இருப்பது பிசிஐ. அதைக் கடைசியில் பார்ப்போம்.

உங்களுடையது அசல் ஐபிஎம் எக்ஸ்டியாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் எட்டு ஸ்லாட்டுகள். பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் எட்டாவது ஸ்லாட் மற்றவை மாதிரி இல்லை. அங்கே இருக்கும் கார்டு, "என்னைத்தான் கூப்பிட்டார்கள்" என்று தனி சிக்னல் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டும். சாதாரணக் கார்டுகள் அதைச் செய்யாததால் அங்கே ஊமையாக இருக்கும். சில எக்ஸ்டி-ஐடிஇ கார்டுகளில் இதற்கென்றே ஒரு ஜம்பர் (இரண்டு முனைகளை இணைத்து அமைப்பை மாற்றும் சின்ன மூடி) உண்டு. இல்லையென்றால் வேறு ஸ்லாட்டைப் பயன்படுத்துங்கள், கார்டு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள்.

படி 2: பழையதின் உடல்நிலை

புதிய கார்டு போடுவதற்கு முன், கணினி இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். 286, 386, 486 போர்டுகளில் பீப்பாய் வடிவில் ஒரு ரீசார்ஜ் பேட்டரி சாலிடர் செய்யப்பட்டிருக்கும். அதைச் சுற்றிப் பச்சையோ நீலமோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்து செம்புத் தடங்களைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேட்டரியைக் கழற்றி, இடத்தைச் சுத்தம் செய்த பிறகுதான் மற்ற வேலை. அந்தக் காரம் சில சமயம் பக்கத்து ஸ்லாட் வரைக்கும் போயிருக்கும், அதையும் பாருங்கள்.

பிசி, எக்ஸ்டி போர்டுகளில் வேறு சிக்கல். அவற்றின் 12 வோல்ட் வரிசையில் சின்ன டேன்டலம் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. நெடுநாள் சும்மா கிடந்தால் இவை ஷார்ட் ஆகும். பவர் சப்ளை அதைக் கண்டு தன்னை நிறுத்திக்கொள்ளும், பட்டனைப் போட்டால் மின்விசிறிகூடச் சுற்றாது. மின்சாரம் இல்லாத நிலையில் மல்டிமீட்டரை 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையில் வைத்து ஷார்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் புதியவர்கள் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் மிச்சம் இருக்கலாம்.

போர்டுக்கு வரும் பி8, பி9 என்ற இரண்டு மின் இணைப்பிகளைக் கழற்ற நேர்ந்தால், திரும்பப் போடும்போது இரண்டின் கறுப்பு வயர்களும் நடுவில் ஒன்றையொன்று பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் போர்டு போய்விடும்.

படி 3: தாள்

இதுதான் இந்தப் பாடத்தின் முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் தாளில் ஒரு வரி எழுதுங்கள். வரிக்கு நான்கு கட்டங்கள்: போர்ட் எண் (செயலி கார்டோடு பேசும் வாசல்), ஐஆர்க்யூ (கார்டு செயலியைக் கூப்பிடும் மணி), டிஎம்ஏ (செயலியைத் தொடாமல் நினைவகத்துக்குத் தரவு போகும் வழி), ரோம் முகவரி (கார்டிலேயே பதிந்திருக்கும் நிரலின் இடம்). கீழே வரும் முகவரிகள் எல்லாம் ஹெக்ஸ் (பதினாறை அடிமானமாகக் கொண்ட) எண்கள். ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன், விசைப்பலகையில் அவற்றின் ஆங்கில எழுத்தை அடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு எக்ஸ்டியில் தொடக்கத்திலேயே நிரம்பியிருக்கும் இடங்கள் இவை. ஐஆர்க்யூ 3-உம் 4-உம் சீரியல் போர்ட்டுகளுக்கு, 6 ஃபிளாப்பிக்கு, 7 பிரிண்டருக்கு. பழைய எம்எஃப்எம் ஹார்டு டிஸ்க் கண்ட்ரோலர் இருந்தால் அது ஒன்றே ஐஆர்க்யூ 5, போர்ட் 320, டிஎம்ஏ 3, ரோம் முகவரி சி800 என்று நான்கையும் பிடித்துக்கொள்ளும். விஜிஏ கார்டின் ரோம் சி000-இல் தொடங்கி சி7எஃப்எஃப் வரை இருக்கும். விரிவாக்க நினைவகக் கார்டு பெரும்பாலும் டி000 அல்லது இ000-இல் 64 கேபி இடம் கேட்கும்.

நம் எக்ஸ்டி-ஐடிஇ கார்டு வழக்கமாகக் கேட்பது போர்ட் 300, கூடவே 8 கேபி ரோமுக்கு ஒரு இடம். ஐஆர்க்யூ இல்லாமலேயே ஓடும். பழைய கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டால் சி800 காலியாகிவிடும், அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அது இருக்கட்டும் என்றால் புதியதை டி000-க்குத் தள்ளுங்கள். என்னைக் கேட்டால் கழற்றிவிடுவதே மேல். நான்கு இடங்கள் ஒரே அடியில் விடுபடும், அவற்றில் ஐஆர்க்யூ 5 பின்னால் சவுண்டு கார்டுக்குத் தேவைப்படும்.

அசல் 1981 பிசி வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 27 அக்டோபர் 1982 தேதியிட்ட பயாஸுக்கு (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) முந்தையவை, கார்டில் இருக்கும் ரோமைத் தேடவே தேடாது. ஃபிளாப்பியிலிருந்து டாஸ் இயங்குதளத்தை ஏற்றி, அதோடு வரும் டிபக் நிரலைத் திறந்து, "டி எஃப்எஃப்எஃப்எஃப்:5" என்று அடித்தால் வலப்பக்கத்தில் பயாஸின் தேதி தெரியும். தேதி முந்தையதாக இருந்தால் முதலில் பயாஸ் சில்லை மாற்ற வேண்டும்.

படி 4: கார்டைத் தயார் செய்தல், செருகுதல்

எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்ற இலவச நிரல்தான் கார்டின் ரோமில் இருக்கும். 8088 செயலி கொண்ட கணினிக்கு (பிசி, எக்ஸ்டி) எக்ஸ்டி பதிப்பு, 286-க்கும் அதற்கு மேற்பட்டதற்கும் ஏடி பதிப்பு. இதைத் தாறுமாறாக மாற்றிப் போட்டால் 8088 புரியாத கட்டளையில் நின்றுவிடும். தயாராக வாங்கிய கார்டு என்றால் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்டிஐடிஇசிஎஃப்ஜி என்ற டாஸ் நிரலைக் கொண்டு பின்னாலும் மாற்றி எழுதலாம்.

தாளில் எழுதியபடி ஜம்பர்களை வையுங்கள். கார்டின் தங்கப் பற்களையும் ஸ்லாட்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைத்துக் காயவிடுங்கள். மின் இணைப்பை முழுதாகப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்ட பிறகு கார்டை எடுங்கள்.

இனி கவனம். புதிய கார்டுகள் பலவற்றுக்குப் பின்பக்க உலோகப் பிராக்கெட் இருக்காது. பிராக்கெட் இல்லாத 8-பிட் கார்டைத் தலைகீழ்த் திசையில் செருகிவிட முடியும். செருகி மின்சாரம் கொடுத்தால் ஏதாவது ஒன்று கருகும். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் கார்டில் சில்லுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ, அதே பக்கம்தான் புதியதிலும் பார்க்க வேண்டும். இரு முனையிலும் சமமாக அழுத்திச் செருகுங்கள். ஐடிஇ கேபிளின் சிவப்புக் கோடு இரு பக்கமும் முதல் முனையோடு சேர வேண்டும்.

286 அல்லது அதற்கு மேற்பட்ட கணினி என்றால் அமைப்புத் திரையில் ஹார்டு டிஸ்க் "இல்லை" என்று வைத்துவிடுங்கள். டிஸ்க்கை நம் கார்டின் ரோம் பார்த்துக்கொள்ளும்.

படி 5: முதல் தொடக்கம்

மெமரி சோதனை முடிந்ததும் யுனிவர்சல் பயாஸின் பெயரும், கண்டுபிடித்த மெமரி கார்டின் பெயரும் திரையில் வர வேண்டும். வந்தால் அடுத்த படிக்குப் போய்விடலாம்.

வரவில்லையா? ஃபிளாப்பியில் தொடங்கி டிபக்கில் "டி சி800:0" என்று அடியுங்கள். முதல் இரண்டு எண்கள் 55, ஏஏ என்று இருந்தால் ரோம் தன் இடத்தில் ஒழுங்காக இருக்கிறது. பயாஸ் தொடங்கும்போது 2 கேபிக்கு ஒரு தடவை நின்று தேடுவது இந்த இரண்டு எண்களைத்தான். மூன்றாவது எண்ணை 512-ஆல் பெருக்கினால் ரோமின் அளவு. 10 என்று இருந்தால், ஹெக்ஸில் அது பதினாறு, ஆக 8 கேபி. திரை முழுக்க எஃப்எஃப் வந்தால் அந்த முகவரியில் யாருமே இல்லை: ஜம்பர் தவறு, அல்லது கார்டு சரியாக உட்காரவில்லை. குப்பையாக, ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண்கள் வந்தால் இரண்டு பேர் ஒரே இடத்தில் பேசுகிறார்கள், தாளுக்குத் திரும்புங்கள். ரோம் சரி, டிஸ்க் மட்டும் தெரியவில்லை என்றால் போர்ட் எண்ணையும் கேபிளையும் பாருங்கள்.

படி 6: டிஸ்க்கைப் பிரித்தல்

512 எம்பி முதல் 2 ஜிபி வரையிலான மெமரி கார்டு தாராளம். டாஸ் 3.3-இல் ஒரு பிரிவு 32 எம்பியைத் தாண்டாது. டாஸ் 5 அல்லது 6.22 என்றால் 2 ஜிபி வரை போகலாம். டாஸின் எஃப்டிஸ்க் நிரலில் பிரித்து, ஆக்டிவ் ஆக்கி, மறுபடி தொடங்கி, "ஃபார்மேட் சி: /எஸ்" கொடுங்கள். இதைப் பழைய கணினியிலேயே செய்யுங்கள். புதிய மடிக்கணினியில் பிரித்துக் கொண்டுவந்தால் இரண்டும் டிஸ்க்கின் கணக்கை வேறு மாதிரி போட்டிருக்கக்கூடும்.

கேமராவில் பயன்படுத்திய மெமரி கார்டு என்றால் எல்லாம் சரியாகச் செய்தும் தொடங்காமல் நிற்கலாம். அதன் முதல் பகுதியில் தொடக்க நிரல் இருக்காது. "எஃப்டிஸ்க் /எம்பிஆர்" கொடுத்தால் எழுதிவிடும்.

386-இல் இஎம்எம்386 என்ற நினைவக மேலாளர் நிரலைப் பயன்படுத்துபவர்கள் கான்ஃபிக் கோப்பில் அந்த வரியின் கடைசியில் "எக்ஸ்=சி800-சி9எஃப்எஃப்" சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் காலி இடம் என்று நினைத்து அது ரோமின் மேலேயே உட்கார வாய்ப்பிருக்கிறது.

படி 7: இரண்டாவது கார்டு

ஒரு நேரத்தில் ஒரு கார்டு மட்டும். முதலாவது ஒழுங்காக ஓடிய பிறகுதான் அடுத்தது.

நெட்வொர்க் கார்டு போடப் போகிறீர்கள் என்றால் தாளை நன்றாகப் பாருங்கள். என்இ2000 வகைக் கார்டுகள் பலவும் 300-லேயே வரும். அங்கே இப்போது நம் டிஸ்க் இருக்கிறது! நெட்வொர்க் டிரைவரை ஏற்றிய அடுத்த நொடி டிஸ்க் காணாமல் போகும், அல்லது கணினி உறைந்துபோகும். சரி, நெட்வொர்க்கை எங்கே நகர்த்துவது? அது 32 போர்ட்டுகளைப் பிடிக்கும் என்பதை மறக்காதீர்கள். 320-இல் பழைய எம்எஃப்எம் கண்ட்ரோலர் இருக்கலாம். 360 காலியாகத் தெரியும், ஆனால் அங்கிருந்து 37எஃப் வரை நீளும்போது 378-இல் இருக்கும் பிரிண்டர் போர்ட்டை மிதித்துவிடும். மிஞ்சுவது 340, கண்ணை மூடிக்கொண்டு அங்கே வைக்கலாம். அப்புறம் பாக்கெட் டிரைவரும் (நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரல்) எம்டிசிபி என்ற டாஸ் நெட்வொர்க் நிரல் தொகுப்பும் இருந்தால் 8088 கூட வீட்டு நெட்வொர்க்கில் சேர்ந்துவிடும்.

சவுண்டுக்கு பிகோகஸ் என்ற கார்டு பிரபலம். 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிகோவின் சில்லுதான் அதன் மூளை. கிராவிஸ் அல்ட்ராசவுண்டு, ஆட்லிப், சவுண்டு பிளாஸ்டர் என்று கேட்கிற வேஷத்தைப் போடும். ஆட்லிப்புக்கு 388, சவுண்டு பிளாஸ்டருக்கு 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1 என்று வைத்தால் பெரும்பாலான பழைய விளையாட்டுகள் திருப்திப்படும். ஐஆர்க்யூ 7-ஐப் பிரிண்டரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். ஓடவும் ஓடும், ஆனால் 5 காலியாக இருக்கும்போது எதற்கு அந்த வம்பு?

பிசிஐ வைத்திருப்பவர்களுக்கு

பென்டியம் காலக் கணினிகளில் யுஎஸ்பி 2.0, சாட்டா கார்டுகள் போட ஆசைப்படுவார்கள். பிசிஐயில் முகவரியைக் கணினியே பங்கிட்டுக்கொள்ளும், அதனால் தாள் வேலை குறைவு. மின்னழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். கார்டின் பற்களில் உள்ள வெட்டு பிராக்கெட்டுக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் அது 3.3 வோல்ட் கார்டு, பழைய 5 வோல்ட் ஸ்லாட்டில் நுழையாது, அழுத்தி நுழைக்கவும் கூடாது. இரண்டு வெட்டுகள் இருந்தால் இரண்டிலும் நுழையும். அப்படி நுழைந்தும் சில புதிய கார்டுகள் உயிர் பெறாது. அவை ஸ்லாட்டின் 3.3 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எதிர்பார்க்கும், பழைய ஏடி வகைப் போர்டுகள் பலவற்றில் அந்த முனைக்கு மின்சாரமே போவதில்லை. வாங்குவதற்கு முன் கார்டின் படத்தைப் பெரிதாக்கி, அதிலேயே 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள்.